வாதப்புயல் லேத் பழகிய கதை

"ஆக்கர், ஈங்க எக்கு ஏத் அத்துக் உடுக்கணும்" என்றார் சென்னியப்பன்.

அவர் வாயில் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன.

பல் டாக்டர் மெஹருன்னிசாவுக்கு அந்த மொழி பழக்கம்தான். 'டாக்டர், நீங்க எனக்கு லேத் கத்துக் குடுக்கணும்.'

"எதுக்குங்க?"

பதில் சொல்வதற்காகச் சென்னியப்பன் குழாயைப் பிடுங்கப் போனார். டாக்டர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அப்புறம் சொல்லுங்க. இப்ப நல்லாத் திறங்க."

*

கோயம்புத்தூரில் சென்னியப்பனைத் தெரியாதவர்கள் குறைவு. போஸ்டர்களில் அவர் பெயருக்கு முன்னால் 'வாதப்புயல்' என்று போடுவார்கள்.

பட்டிமன்றத்தில் அவர் உட்காரும் அணி ஜெயிக்கும். ஒருமுறை தப்பான அணிக்குப் பேசிக்கொண்டிருந்தார். பாதியில் யாரோ வந்து காதில் சொன்னார்கள். மீதிப் பாதியில், தான் சொன்னதையெல்லாம் தானே உடைத்தார். அன்றைக்கும் அவர்தான் ஜெயித்தார்.

டாக்டர் அவரைவிட ரொம்ப இளையவர். வீட்டின் முன்னறை கிளினிக். பின்னறையில் மேசை மேல் ஒரு குட்டி லேத், உலோகம் கடைகிற இயந்திரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கடைந்து கடைந்து சின்ன ரயில் இன்ஜின்கள் செய்வார். ஒன்று முன்னறையில், நோயாளிகள் காத்திருக்கும் பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. நிஜ நீராவியில் ஓடும்.

பல் வலியோடு வந்தவர்கள் அதைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் செஞ்சதுங்களா?" என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்டவர்களுக்கு மரப்பு ஊசி கொஞ்சம் வலிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு.

சென்னியப்பன் அப்படிக் கேட்கவில்லை. "எப்படிச் செஞ்சீங்க?" என்றுதான் கேட்டார். அதனால்தான் டாக்டர் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார்.

*

வாய் விடுதலையானதும் அவர் சொன்னது இதுதான்.

அவருக்கு ஒரே மகள், இளவேனில். ஐ.டி. கம்பெனியில் வேலை. ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்று வைத்திருந்தாள். முழங்கை நீளம் இருக்கும். தானே பார்ட் பார்ட்டாகச் சேர்த்துக் கட்டியது. விடுமுறை நாட்களில் மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் புழுதி பறக்க ஓட்டுவாள்.

அதை வாசலில் துடைத்து வைத்திருந்தாள். சென்னியப்பன் தன் நிஜக் காரைப் பின்னால் எடுத்து அதன் மேல் ஏற்றிவிட்டார். அன்று மாலை பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே எடுத்திருக்கிறார்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கேட்கத்தானுங்க போனேன். அதுக்குள்ள, 'பார்த்து எடுக்கக் கூடாதா'ன்னு கேட்டுட்டா. கேட்டதும் எனக்கு ஒரு பாயிண்ட் தோணிருச்சு. வண்டி வர்ற வழியில பொருளை வெச்சது யாருன்னு."

"பேசினீங்க."

"அரை மணி நேரம்."

"ஜெயிச்சீங்க."

"முழுசா ஜெயிச்சேனுங்க." சென்னியப்பன் குரல் இறங்கியது. "கடைசியில அவளே 'என் தப்புத்தான்'னு ஒத்துக்கிட்டா. அன்னையிலேருந்து எது சொன்னாலும் 'சரிங்கப்பா'. சாப்பிடலாமான்னா சரிங்கப்பா. மழை வருதுன்னா சரிங்கப்பா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேங்கறா. வீட்டுல எதிரணியே இல்லைங்க டாக்டர்."

நொறுங்கியதில் மற்றவையெல்லாம் கடையில் கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஹப் ஒன்றுதான். சக்கரத்தின் நடு ஓட்டையில் உட்கார்ந்து சக்கரத்தை அச்சோடு சேர்க்கிற அலுமினியத் துண்டு. பத்து ரூபாய்க் காசு அகலம். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது.

"நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. குடுத்தா நாளைக்கே செஞ்சு தருவாங்க."

"உடைச்சது நானுங்க."

டாக்டர் அலமாரியைத் திறந்து ஒரு துண்டு அலுமினியத் தடியையும் ஒரு அரத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

"இதோட முனையைத் தட்டையா ராவிட்டு வாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

*

சென்னியப்பன் ராவிக் கொண்டுவந்தார். முனை பளபளவென்று இருந்தது.

"தட்டையா இருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சப்பாத்திக்கல் மாதிரி."

டாக்டர் அதைக் கண்ணாடி மேசையில் நிறுத்தினார். அது ஆடியது.

"ஆடறதுக்கு மூணு காரணம் இருக்கலாமுங்க" என்று சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு, மேசை. ரெண்டு, மேசைக்குக் கீழ இருக்கற தரை. மூணாவது…"

டாக்டர் ஒரு விரலால் அந்தத் துண்டைச் சுண்டிவிட்டார். அது பம்பரம் மாதிரிச் சுற்றத் தொடங்கியது.

"பேசி முடிச்சதும் சொல்லி விடுங்க" என்று முன்னறைக்குப் போய்விட்டார். அங்கே ஒருவர் கடைவாய்ப்பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் திரும்பி வந்தபோது துண்டு நின்றிருந்தது. சென்னியப்பனும் நிறுத்தியிருந்தார்.

"அரத்தை இன்னொரு தடவை குடுங்க" என்றார்.

*

ஒருவழியாக முனை தட்டையானது. சென்னியப்பன் வீட்டுக்கு ஒரு குட்டி லேத் வந்தது.

அதை வைக்க வாஷிங் மெஷின் இருந்த இடம்தான் தோதாக இருந்தது.

"அப்ப வாஷிங் மெஷின்?" என்று அவர் மனைவி பூங்கோதை கேட்டார்.

கையால் துணி துவைப்பது தோளுக்கும் முதுகுக்கும் இதயத்துக்கும் எவ்வளவு நல்லது என்று சென்னியப்பன் எடுத்துச் சொன்னார். உதாரணங்களோடு சொன்னார். பூங்கோதை கடைசிவரை கேட்டார்.

"நீங்க சொல்றதுதானுங்க சரி" என்றார்.

மறுநாளிலிருந்து துணியெல்லாம் சென்னியப்பன்தான் துவைத்தார்.

இளவேனில் ஆபீசுக்குக் கிளம்பும்போது லேத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு சின்ன வேலை பழகறேன், அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

"சரிங்கப்பா."

*

ஒரு நாள் டாக்டருக்குப் போன் வந்தது. போனுக்குள் யாரோ தகரத்தைக் கிழிப்பது போல் ஒரு கீச்சல்.

"லேத் கத்துதுங்க டாக்டர்!"

"அதுக்கு நடுவுல இன்னொரு குரல் கேக்குதே?"

"அது நான்தானுங்க. அதுகிட்ட பேசிட்டு இருக்கேன்."

"அது கேக்குதா?"

"இல்லைங்க."

"அப்ப நீங்க கேளுங்க."

போன் வைக்கப்பட்டது.

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டு லேத் பக்கத்தில் நின்றார். வாயை மூடியதும் கீச்சல் எங்கேயிருந்து வருகிறது என்று புரிந்தது. வெட்டுகிற டூல் தடியின் நடுவுக்கு நேராக இல்லை. ஒரு மயிரிழை கீழே இருந்தது. பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தகரத் துண்டை வெட்டி, டூலுக்கு அடியில் வைத்து முடுக்கினார்.

கீச்சல் நின்றது. அலுமினியம் சுருள் சுருளாக, அமைதியாக வந்து விழுந்தது.

அதில் ஒரு சுருள் அன்று சாம்பாரில் கிடந்தது. பூங்கோதை அதைக் கரண்டியால் எடுத்து, அவர் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்போது யாருமே ஒன்றும் சொல்வதில்லை.

*

முதல் ஹப் தயாரானது.

அளவுக்கு, அடுத்த பக்கத்துச் சக்கரத்தில் உடையாமல் தப்பிய ஹப்பை வைத்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டில் இல்லாதபோது அவள் பெட்டியிலிருந்து எடுத்தது.

டாக்டர் மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்தார்.

"உங்களுது ஒல்லி. ஒரு மில்லிமீட்டர்ல நூறில் ரெண்டு பங்கு பத்தாது."

சென்னியப்பன் எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"நூறில் ரெண்டு மில்லி! டாக்டர் அவர்களே, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாது. காதால் கேட்க முடியுமா? முடியாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒன்றை இருக்கிறது என்று எப்படி ஒத்துக்கொள்வது? இல்லாத ஒரு குறைக்காக, இருக்கிற ஒரு ஹப்பை ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?"

முன்னறையில் காத்திருந்த ஒருவர் கை தட்டினார்.

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பல் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் மெல்லிய தாள். அதில் நகமளவு கிழித்து அவர் கடைவாயில் வைத்தார்.

"கடிங்க."

கடித்தார்.

"என்னமாச்சும் தெரியுதுங்களா?"

"என்னமோ மாட்டிட்டு இருக்குதுங்க. உறுத்துது."

"அந்தத் தாளோட கனம் நூறில் ரெண்டு."

சென்னியப்பன் இன்னொரு தடவை கடித்துப் பார்த்தார். இன்னொரு தடவை. முகம் மெல்ல மாறியது.

கை தட்டியவர் எட்டிப் பார்த்தார். "பதில் சொல்லுங்க ஐயா!"

சென்னியப்பன் தாளைத் துப்பிவிட்டு, ஹப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

அடுத்ததை டாக்டரின் லேத்திலேயே, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கக் கடைந்தார். வேகமாகக் கடைந்தார். புகை வந்தது.

நிறுத்தினார். அளந்தார்.

"சரி! சரியான அளவு! நூறில் ஒண்ணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பார்த்தீங்களா?"

"டீ குடிக்கலாம்" என்றார் டாக்டர்.

டீ வந்தது. இந்த ஹப்பைப் பற்றி ஈரோட்டுக் கூட்டத்தில் என்ன சொல்லப் போகிறார் என்று சென்னியப்பன் சொன்னார். சேலத்தில் வேறு மாதிரிச் சொல்லப் போவதையும் சொன்னார். டம்ளர் காலியானது.

"இப்ப அளங்க."

அளந்தார். மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"குறையுதுங்க! டீ குடிக்கறதுக்குள்ள எப்படித் தேயும்?"

"தேயலை. ஆறிருச்சு."

சென்னியப்பன் ஹப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"சூட்டுல அளந்தா…"

"பெருசாத்தான் காட்டும்" என்றார் டாக்டர். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அன்று சென்னியப்பன் வீட்டுக்கு நடந்தே போனார். கார் கிளினிக் வாசலிலேயே நின்றது. ரொம்ப தூரம் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

*

ஈரோட்டுப் பட்டிமன்றத்தில் ஒரு விபரீதம் நடந்தது.

எதிரணியில் ஒரு கல்லூரிப் பேராசிரியை பேசிக்கொண்டிருந்தார். வழக்கமாக எதிரணி பேசும்போது சென்னியப்பன் அடுத்து தான் சொல்லப் போவதை யோசிப்பார். அன்று பழக்க தோஷத்தில் காது கொடுத்துக் கேட்டுவிட்டார்.

பேராசிரியை சொன்னது சரியாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் கேட்டார். இன்னும் சரியாக இருந்தது.

அவர் முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றார். "எனக்கு முன்னால் பேசிய சகோதரி சொன்னதில்…" என்று ஆரம்பித்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். "…ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை" என்று முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க, புயல் இன்னைக்குக் கரையே கடக்கலை?"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பனுக்கு வேர்த்தது. தொழில் போய்விடும் போலிருக்கிறதே என்று பயந்துகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

*

கடைசியில் ஒரு ஹப் வந்தது.

மெதுவாகக் கடைந்தது. ஆற வைத்து அளந்தது. பிசிறெல்லாம் எடுத்தது. டாக்டர் அளந்தார். பழைய ஹப்பை அளந்தார். மறுபடி புதியதை அளந்தார்.

"சரி" என்றார்.

எந்தக் கைதட்டலுக்கும் சென்னியப்பன் அப்படிக் கண் கலங்கியதில்லை.

வீட்டுக்கு வந்து இளவேனிலிடம் நீட்டினார்.

"உன் வண்டிக்கு. நானே கடைஞ்சது, அம்மிணி."

இளவேனில் அதை வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. உள்ளே போய்ச் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். திரும்பி வந்தாள்.

"உள்ள போகலீங்கப்பா."

"போகாம எப்படி?"

"போகலை."

"நூறில் ஒண்ணு பிசகாது! டாக்டரே அளந்தாங்க. இரு." மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்தார். பழைய ஹப்பைக் கொண்டுவந்தார். அளந்து காட்டினார். மாற்றி அளந்து காட்டினார். அளவுகள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. "பார்த்தியா? எங்கே தப்பு, சொல்லு? என்கிட்ட ஆதாரம் இருக்குது. உன்கிட்ட என்ன இருக்குது?"

இளவேனில் இரண்டு ஹப்புகளையும் பார்த்தாள்.

"சரிங்கப்பா" என்றாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து பூங்கோதையின் குரல் வந்தது.

"ஜெயிச்சாச்சுங்களா?"

*

மறுநாள் கிளினிக் திறந்ததும் சென்னியப்பன் ஹப்போடு உள்ளே நுழைந்தார். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். டாக்டர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"டாக்டர், நீங்களே சொல்லுங்க. அளவு சரியா, தப்பா?"

"சரி."

"அப்ப நான் சொன்னதுதானே சரி?"

"இது எங்க போய் உட்காரணும்?"

"சக்கரத்துலங்க."

"சக்கரத்தை அளந்தீங்களா?"

சென்னியப்பன் கையிலிருந்த ஹப்பைப் பார்த்தார்.

"சக்கரம் அவ ரூம்ல இருக்குதுங்க."

டாக்டர் நிமிரவே இல்லை.

"போய்க் கேட்கணுமேங்க…"

படுத்திருந்த நோயாளிதான், முடிந்த அளவுக்குத் தலையை ஆட்டினார்.

"ஆடாதீங்க" என்றார் டாக்டர் நோயாளியிடம்.

*

அன்று சாயங்காலம் சென்னியப்பன் மகள் அறைக் கதவைத் தட்டினார்.

கதவு பாதி திறந்தது.

"அம்மிணி, அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் காட்டறியா?"

"சரிங்கப்பா." எடுத்துக் கொடுத்தாள்.

அவர் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"இதுல என்ன ஆகியிருக்குது? எனக்குத் தெரியலை" என்றார்.

இளவேனில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"ஓட்டை நசுங்கியிருக்குதுங்கப்பா" என்றாள் மெதுவாக. "முட்டை மாதிரி. கார் ஏறினதுல. வட்டமா இருக்கற ஹப் அதுல எப்படிப் போகும்?"

"ஓ."

"இந்தச் சக்கரமும் எங்கயும் கிடைக்காது. இதுக்குத் தகுந்த மாதிரி ஹப்பைத்தான் ராவணும். இங்க குடுங்க."

ஹப்பை வாங்கி ஓட்டையில் வைத்து அழுத்தினாள். எங்கே இடிக்கிறது என்று பார்த்து மேசையிலிருந்த பேனாவால் அடையாளம் போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நேத்து வெச்சு அளந்து காட்டினீங்களே, அந்தப் பழைய ஹப் ஏது?"

"உன் பெட்டியிலிருந்து எடுத்தேன்."

பேனா நின்றது.

"என் பெட்டியிலிருந்தா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரையும் கேட்கலை."

"ஏன் கேட்கலை? எல்லாத்துக்கும் அத்தனை பேசறீங்க, இதுக்கு ஒரு வார்த்தை என்னைக் கேட்கணும்னு தோணலையா?" அவள் குரல் ஏறியது. அடுத்த அடையாளம் கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது. "அன்னைக்கும் அப்படித்தான். நான் என்ன கேட்டேன்? பார்த்து எடுக்கக் கூடாதான்னு கேட்டேன். அவ்வளவுதான். அதுக்கு அரை மணி நேரம்! எதுக்கு என் தப்புன்னு சொன்னேன் தெரியுமா? எனக்குக் கால் வலிச்சுது! நின்னுட்டே இருந்தேன்!"

சென்னியப்பனுக்கு ஒரு பாயிண்ட் தோன்றியது.

அருமையான பாயிண்ட். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, உட்கார்ந்திருக்கலாமே என்று. சேலத்தில் சொல்லியிருந்தால் பந்தல் அதிர்ந்திருக்கும். அது தொண்டை வரை வந்துவிட்டது.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மகள் கையிலிருந்த ஹப்பில் எங்கெங்கே அடையாளம் விழுகிறது என்று பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.